சேவல் வளர்க்கும் வீட்டுப் பையன்

நம் ஆய்வுக்கூடத்து ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்களைப் பணி ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஒதுக்குவது வழக்கம். ஐம்பத்தெட்டு வயது, சந்தன மாலை, குரூப் போட்டோ, அப்புறம் ஒரு கட்டுரை. எனக்கு முப்பத்தாறுதான் ஆகிறது. ஆனால் திட்டப்பணியில் இருப்பவனுக்குத் திட்டம் முடிகிற நாள்தான் ஓய்வு நாள். பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ எடுக்கும் வேலையை விட்டு, அடுத்த மாதம் கப்பலூரில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியின் சோதனை அறைக்குப் போகிறேன். செத்து மண்ணான கோழியிலிருந்து உயிரோடு இருக்கும் கோழிக்குப் பதவி உயர்வு என்று கேன்டீனில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எழுதச் சொன்னது நம் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த சுகன்யா. புது எலும்பறை திறந்த அன்று, இரும்புக் கதவையும் காற்று வடிகட்டியையும் எல்லாரும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து கேட்டாள். "அண்ணே, ஜெல் படத்தக் கையில குடுத்தா நாங்க எல்லாம் வெள்ளைப் பட்டை எங்க இருக்குன்னு தேடுவோம். நீங்க மட்டும் ஒண்ணுமே இல்லாத வரிசையத் தேடுறீங்க. ஏன்?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பொறாமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பொறாமைப்பட்ட ஆள் துளசிராம். உங்களில் பலர் அவனைப் பார்த்ததில்லை, பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊர். எங்கள் வீட்டில் பேனா என்று ஒன்று வாங்கியதே எனக்காகத்தான். பள்ளிக்கூடம் நடந்து, கல்லூரி பஸ்ஸில், எம்.எஸ்ஸி. விடுதியில். படித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க, ஏதோ ஒரு அறையின் வாசலில் யாரோ என்னை நிறுத்திக் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்ற பயம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் அது நடந்தது. கேட்டவர் எஸ்தர் மேடம்.

மேடம்தான் நம் கூடத்தைத் தொடங்கியவர். அன்று வேலையில் சேர வந்த என்னிடம் பெயரைக் கேட்டார். "ஒச்சப்பன்" என்றேன். ஊரைக் கேட்டார். சொன்னேன். பெயரையும் ஊரையும் கேட்டவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

"வீட்ல கோழி இருக்கா?" என்றார்.

நான் தயாராக வைத்திருந்த பதிலை விழுங்கிவிட்டு, உண்மையைச் சொன்னேன். கோழி மட்டுமல்ல, அப்பா கட்டுச்சேவல் வளர்க்கிறவர். சண்டைக்கு விடுகிற சேவல். அவை எங்களோடு ஒரே கூரையில் இருந்தன.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட சேதி சொல்லப் போகிறார் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். "அப்ப எலும்பறைக்குள்ள உனக்கு இடமில்ல ஒச்சப்பன். நகல் அறையில இரு. அதுவும் பெரிய வேலதான்."

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது நம் கூடத்தில் இரண்டு அறைகள். ஒன்று எலும்பறை: ப்ளைவுட் தடுப்பு, கண்ணாடி ஜன்னல், பழைய ஏ.சி. தோண்டியெடுத்த எலும்பைச் சுரண்டிப் பொடியாக்கி அதிலிருக்கும் டி.என்.ஏவைப் பிரிப்பது அங்கே. மற்றது நகல் அறை: பிரித்த டி.என்.ஏவைப் பி.சி.ஆர் இயந்திரத்தில் கோடிக்கணக்கில் நகல் எடுத்து ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பது இங்கே. டி.என்.ஏ இருந்தால் ஜெல் படத்தில் வெள்ளைப் பட்டை தெரியும், இல்லாவிட்டால் அந்த வரிசை இருட்டு. பழைய எலும்பில் மிச்சமிருப்பது மங்கிப்போன துணுக்குகள். இன்றைய கோழியின் ஒரு துளி எச்சம் போதும், அதை மூழ்கடித்துவிடும். ஆகையால் எலும்பறையிலிருந்து நகல் அறைக்கு வரலாம். நகல் அறைக்குள் கால் வைத்தவன் அன்று எலும்பறைக்குத் திரும்பக்கூடாது. கோழி தின்றவன், முட்டை தின்றவன் உள்ளே போகக்கூடாது. கோழி உள்ள வீட்டுக்குப் போய் வந்தால் இரண்டு நாள் கழித்து, தலைக்குக் குளித்து, துணி மாற்றி. துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போய் வந்தவனுக்கு எங்கள் ஊரில் இவ்வளவு கெடுபிடி கிடையாது.

விதி சரியானதுதான். என் புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தாண்டிப் போகும்போது கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பேன். ஏனென்றால் உள்ளே துளசிராம் இருந்தான்.

நானும் அவனும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். வில்லாபுரத்தில் வீடு; அவன் அப்பாவுக்குச் சேலை வியாபாரம். வீட்டில் சௌராஷ்டிர மொழி. கூடத்துப் போனில் அம்மாவோடு அதில் பேசுவான். எனக்கு ஒரு சொல் விளங்காது. அதற்கும் பொறாமைப்படுவேன், பக்கத்தில் ஆள் இருக்கும்போதே ரகசியம் பேச ஒருத்தனுக்கு ஒரு பாஷை இருக்கிறதே என்று. அவன் வீட்டில் கோழி இல்லை, கிளி இல்லை, மீன்தொட்டிகூட இல்லை. மேடம் கேட்ட கேள்விக்கு அவன் தலையை மட்டும் ஆட்டினான். கதவு திறந்துவிட்டது.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மாப்ள, விடுதிச் சோத்தத் தின்னு செத்துறாத" என்று தினமும் இரண்டு அடுக்கு டிபன் கொண்டுவருவான். ஒன்று எனக்கு. புளியோதரையை வாயில் போட்டுக்கொண்டே அவன் கையைப் பார்ப்பேன். அப்படி ஒரு கை. பிப்பெட்டைப் பிடித்தால் முனை நடுங்காது. நான் என்னவோ மண்வெட்டி பிடிக்கிற மாதிரிப் பிடிப்பேன்.

எலும்பறை வேலை முழுவதையும் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கற்றுக்கொண்டேன். அவன் இரண்டு சோடிக் கையுறை போடுவான். மேலுறையை ஒவ்வொரு எலும்புக்கும் மாற்றுவான். மேசையை ப்ளீச்சால் துடைப்பான். எலும்பைப் புற ஊதா விளக்கின் கீழே நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டுவான், அப்பளம் சுடுகிற மாதிரி. பிறகு சிறு டிரில்லால் மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் வெளிறிய பகுதியைப் பொடியாக்குவான். வேகமாகச் சுற்றினால் சூடேறி டி.என்.ஏ கெடும் என்பதால், டிரில்லைத் தொட்டுத் தொட்டு எடுப்பான். ஒவ்வொரு தடவையும் எலும்புப் பொடி போட்ட குழாய்களோடு ஒரு வெறும் குழாயையும் சேர்த்துக்கொள்வான். அதில் எல்லா மருந்தும் உண்டு, எலும்பு மட்டும் கிடையாது. அதற்குப் பெயர் பிளாங்க். எல்லாக் குழாய்க்கும் நடப்பது அதற்கும் நடக்க வேண்டும். முடிவில் அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் மருந்தில் எங்கோ அழுக்கு.

நான் ஜெல் படத்தைக் கொண்டுபோய் நீட்டினால் மேடம் முகத்தில் ஒரு ஆவலும் தெரியாது. "முதல்ல காலிக் குழாயக் காட்டு" என்பார். அந்த வரிசை இருட்டாக இருப்பதை விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் மற்றதைப் பார்ப்பார். பட்டை வந்திருந்தாலும் "ம்" என்பார், வராவிட்டாலும் "ம்" என்பார். இரண்டு "ம்"மும் ஒரே மாதிரி இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு எலும்பில் டி.என்.ஏ நிற்பது அபூர்வம். ஆகையால் எங்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது இரண்டாவது "ம்".

எனக்குக் கொடுத்த இன்னொரு வேலை, இன்றைய கோழிகளின் இறகு சேகரிப்பது. பழைய எலும்பில் ஏதாவது கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய கோழிகளின் டி.என்.ஏ எழுத்து வரிசை வேண்டும். மேலூர்ப் பக்கம், ஒத்தக்கடை, உசிலம்பட்டி என்று அலைந்தேன். எங்கள் வீட்டுக்கும் போனேன். அந்தத் தடவை துளசிராமும் கூட வந்தான்.

அன்று தொடங்கியது வீட்டிலும் பொறாமை. அப்பா ஒரு கறுப்புச் சேவலை அவன் கையில் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் மதிக்கிற ஆள் வந்தால் சேவலைக் கையில் கொடுப்பார்கள். நான் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தாலும் உதறிக்கொண்டு ஓடுகிற சேவல், அவன் உள்ளங்கையில் பூசாரி தட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பாருடா, கை எப்படிப் பதமா இருக்குன்னு. தம்பி, ஒங்க வீட்ல சேவல் உண்டுமா?"

"இல்ல மாமா, இதான் மொதத் தடவ தொடுறேன்."

"மொதத் தடவையாம்ல. இவன் பொறந்ததுல இருந்து தொடுறான், இன்னும் பிடிக்கத் தெரியல." அப்பா சிரித்தார். அவனும் சிரித்தான். இறகைப் பிடுங்கி உறையில் போட்டு, பெயர் எழுதியவன் நான்.

அந்த இறகின் எழுத்து வரிசையில் ஒரு விசேஷம் இருந்தது. நாங்கள் படித்தது தாய்வழியாக மட்டும் வருகிற டி.என்.ஏ. மற்ற ஊர்க் கோழிகள் எதிலும் இல்லாத ஒரு மாற்றம், ஒரே ஒரு இடத்தில், எங்கள் வீட்டுக் கறுப்புச் சேவலில் இருந்தது. மேடம் இரண்டு தடவை சரிபார்க்கச் சொன்னார். இருந்தது. நான் அதை யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் எனக்கென்று ஒன்று கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

இதற்கிடையே எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து நான் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கியிருந்தேன். துளசிராம் முகமூடியைக் கையால் தொட்டான், மேலுறை மாற்ற மறந்தான், தும்மல் வந்து திரும்பினான். போய்ச் சொல்வேன். "சி.ஐ.டி வந்துட்டாருப்பா" என்பார்கள். மேடம் கேட்டுக்கொள்வார், துளசிராம் கோபப்படாமல் வேலையைத் திரும்பச் செய்வான். அவன் திரும்பச் செய்தாலும் முதலில் வந்ததுதான் வரும். பிறகு என் சொல்லுக்கு மதிப்புக் குறைந்தது.

அப்புறம்தான் அந்த எலும்பு வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையில் தொல்பொருள் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான வருடப் பழமையான பானை ஓடுகளுக்கு நடுவே ஒரு பறவையின் காலெலும்புகள் கிடைத்திருக்கின்றன என்று தகவல். அதில் ஒன்றில், சேவல் சண்டையில் குத்துகிற கால்முள் முளைத்த மேடு தெளிவாக இருக்கிறது என்றார்கள். சேவல்தான். ஆனால் காட்டுச் சேவலா, வீட்டுச் சேவலா? வீட்டுச் சேவல் என்றால் அம்புட்டுக் காலத்துக்கு முன்பே இந்தச் சமவெளியில் கோழி வளர்த்திருக்கிறார்கள். அதைச் சொல்ல எலும்பின் வடிவம் போதாது. டி.என்.ஏ வேண்டும். எலும்பை வாங்கிவரத் துளசிராமை அனுப்பினார்கள். எனக்கு அன்று ஜெல் ஓட்டும் வேலை.

அவன் திரும்பி வந்து, கோழி திரியும் ஊருக்குப் போய் வந்ததால் விதிப்படி இரண்டு நாள் காத்திருந்து, உள்ளே போனான். முள் இருந்த இடம் கெட்டியானது என்று அங்கேயே டிரில் போட்டான். பிரித்ததை என்னிடம் ஜன்னல் வழியாகக் கொடுத்தான். நான் நகல் எடுத்தேன், ஜெல் ஓட்டினேன், விளக்கைப் போட்டேன். எலும்பு வரிசையில் பட்டை. காலிக் குழாய் இருட்டு.

என் கையில்தான் அந்தப் படம் முதலில் வந்தது. பார்த்ததும் என் நெஞ்சில் வந்தது சந்தோஷமில்லை. 'அவனுக்கு வந்துவிட்டது' என்பதுதான்.

எழுத்து வரிசையைப் படித்து வந்தபோது கூடமே என் மேசையைச் சுற்றி நின்றது. வீட்டுச் சேவல். அதுமட்டுமல்ல, எந்த ஊர்க் கோழியிலும் இல்லாத அந்த ஒரு மாற்றம், எங்கள் வீட்டுக் கறுப்புச் சேவலில் இருந்த மாற்றம், எலும்பிலும் இருந்தது. அகழாய்வுக் குழி எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். ஒரே மண்ணில், ஒரே தாய்வழி, எத்தனையோ நூறு தலைமுறையாக. கேன்டீன்காரர் கேசரி கிண்டினார். துளசிராமுக்கு வெளிநாட்டுக் கருத்தரங்கில் பேச இடம் கேட்டு எழுதத் தொடங்கினார்கள். கட்டுரையில் முதல் பெயர் அவனுடையது. என் பெயர் மூன்றாவது, மேடம் பெயருக்கும் முன்னே. அதிலும் ஒன்றும் தப்பில்லை. "இறகு கொண்டுவந்தது ஒச்சப்பன்" என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார்.

இறகு கொண்டுவந்தவன். எங்கள் அப்பா சேவல், எங்கள் அம்மா அடைவைத்த முட்டை, எங்கள் ஊர் மண். பேர் மட்டும் வில்லாபுரத்துக்கு. கேசரியை அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த வாரமே துளசிராம் தன் டி.வி.எஸ் ஐம்பதில் எங்கள் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டான். நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. அப்பா சலூனில், டீக்கடையில், கோயில் கூட்டத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் படித்தவன் இருக்கிறான் என்பதற்காக அதுவரை யாரும் அவரை நிறுத்திப் பேசியதில்லை. சேவலுக்காக நிறுத்திப் பேசினார்கள்.

"ராசா காலத்துச் சேவலாம்டா. மாப்ள வந்து சொல்லிட்டுப் போனாரு." அப்பாவின் வாயில் துளசிராம் தம்பியிலிருந்து மாப்பிள்ளையாகிவிட்டிருந்தான்.

"அது பெட்டைவழி வர்ற சங்கதின்னு அந்தத் தம்பி சொன்னுச்சு" என்றாள் அம்மா, உலைக்கு அரிசி களைந்தபடி. "பெட்டைய அடைக்கு வச்சவ நானு. பேரு மட்டும் இவருக்கு."

எனக்கும் அம்மாவுக்கும் ஒரே வியாதி என்று நினைத்துச் சிரித்தேன். அப்போது அப்பா சொன்னார்: "எனக்கு அன்னைக்கே தெரியும்டா. மாப்ள அந்த எலும்பக் கொண்டாந்தப்பவே வச்சுப் பாத்துட்டேன்ல."

"எதை வச்சு?"

"எலும்பத்தேன். மத்தியானம் வெயிலுக்குள்ள வந்தாரு, ஒங்காத்தா சோறு போட்டா. எலும்பக் காட்டுங்க மாப்ளன்னேன். மொதல்ல யோசிச்சாரு, அப்புறம் எடுத்துக் குடுத்தாரு. மண்ணு அப்பியிருந்துச்சு. ஈரத்துணியால தொடச்சு, நம்ம கருப்பன் காலோட வச்சுப் பாத்தேன். முள்ளு மொளச்ச எடம் அப்படியே பொருந்துச்சு."

"எந்த ஈரத்துணிப்பா?"

"எந்தத் துணி, சேவலத் தொடைக்கிற துணிதேன்."

கொடியில் அது காய்ந்துகொண்டிருந்தது. சண்டை முடிந்த சேவலின் இரத்தம், எச்சில், சளி எல்லாம் துடைக்கிற துணி. அதை நனைத்து, கடற்பஞ்சு மாதிரித் துளைதுளையாக இருக்கிற பழைய எலும்பின் மேல் தேய்த்திருக்கிறார். தண்ணீரோடு உள்ளே போனது, மேல்தோலைச் சுரண்டினால் போகாது. காலிக் குழாயில் எலும்பே இல்லாததால் அது சுத்தமாகத்தான் இருக்கும். இரண்டு நாள் காத்திருந்து, தலைக்குக் குளித்து, துளசிராம் தன்னைச் சுத்தம் பண்ணிக்கொண்டான். எலும்பை யாரும் குளிப்பாட்டவில்லை. அப்பா ஏற்கெனவே குளிப்பாட்டியிருந்தார்.

அப்பாவின் முகம் இருந்த இருப்பில் அதை அங்கே உடைக்காமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் யோசித்தேன். இவ்வளவு நாள் தேடிய குற்றம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் விழுவது அவன் மட்டுமில்லை, அப்பாவும். சொல்லாவிட்டால் ஒரு பொய் அச்சாகும், அதில் மூன்றாவதாக என் பெயரும் இருக்கும். சொன்னாலும் யார் நம்புவார்கள்? சி.ஐ.டிதானே.

மறுநாள் முதலில் துளசிராமிடம்தான் போனேன். அவன் டிபனைத் திறந்துகொண்டிருந்தான். சொல்லி முடித்தேன். அவன் மூடியைத் திரும்ப மூடினான்.

"பெரியவரு கேட்டாரு மாப்ள. சாப்பாடு போட்ட வீடு. குடுக்க மாட்டேன்னு எப்படிடா சொல்றது?"

"குடுத்த, சரி. வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"மேல்தோலச் சுரண்டித்தான எடுத்தேன். போயிருக்கும்." அடுத்து அவனே கேட்டான்: "நீ இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமா" என்றேன். "ஆனா இத நான் தேடிப் போகல. தானா வந்துச்சு."

அவன் டிபனைப் பைக்குள் வைத்தான். பிறகு எழுந்து, "வா, ரெண்டு பேரும் போயிச் சொல்லுவோம்" என்றான். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன். நான் தனியாகப் போயிருந்தால், சொன்ன பேராவது எனக்கென்று இருந்திருக்கும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். யார் மேல் தப்பு என்று அவர் கேட்கவே இல்லை. "அந்தத் துணியால சேவலத் துடைச்சது எலும்பத் துடைக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால, மேடம்" என்றான் துளசிராம்.

"எந்த இடத்துல அழுத்தித் துடைச்சார்?"

"முள் இருந்த பக்கம்."

"டிரில் போட்டது?"

"அதே இடம், மேடம்."

"இது தப்புன்னு இதனால ஆகிடாது. சரின்னும் இனிமே சொல்ல முடியாது" என்றார் மேடம். "அதே பறவையோட இன்னொரு கால் குழியில இருந்துச்சே. மண்ணோட கட்டியா எடுத்து வச்சிருக்காங்க, இன்னும் கழுவல. அதுல திரும்பச் செய்யணும். துளசி கையால வேண்டாம். அவன் கையில வந்தா, வரணும்னு செஞ்சதும்பாங்க." என்னைப் பார்த்தார். "உன் கையில வராட்டி, வரக்கூடாதுன்னு செஞ்சதும்பாங்க. ஆனா இந்த வேலையப் பாத்துக் கத்துக்கிட்ட வேற கை கூடத்துல இல்ல. வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா?"

நான் எத்தனை வருடம் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ.

நகல் அறைச் சாவியைத் துளசிராமிடம் கொடுத்தேன். இடம் மாறிக்கொண்டோம். வீட்டுக்குப் போகவில்லை, கோழியில்லை, முட்டையில்லை, பழைய துணி முழுவதையும் விடுதி நண்பனிடம் கொடுத்துவிட்டுப் புதுத்துணி வாங்கினேன். மெஸ்ஸில் ஆம்லெட் தட்டைத் தள்ளி வைத்தால், "என்ன மாப்ள, மாலை போட்டிருக்கியா? எந்த மலை?" என்பார்கள். ஊரில் பொங்கலுக்கு மறுநாள் சேவல்கட்டு. அப்பா ஆள் அனுப்பினார். வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பார்கள்; எனக்கு ஊர் எல்லைக்குள் போகக்கூடாது.

பிறகு ஒருநாள் காலை, இரண்டு சோடிக் கையுறையோடு எலும்பறைக்குள் நுழைந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துளசிராம் நின்றான், நான் நிற்கிற இடத்தில். மண்கட்டியை உடைத்து எலும்பை வெளியே எடுத்தபோது அது என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. மேலுறை மாற்றினேன். அப்பளம் சுடுகிற மாதிரித் திருப்பினேன். டிரில்லைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். எனக்கே தெரியாமல் என் கை அவன் கை மாதிரி நடந்துகொண்டது. அத்தனை வருடம் குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்ததில் வேலை முழுவதும் கண்ணில் ஏறியிருந்தது.

ஜன்னல் வழியாகக் குழாய்களை நீட்டினேன். அவன் நகல் எடுத்தான், ஜெல் ஓட்டினான். படத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான்.

காலிக் குழாய் இருட்டு. எலும்பு வரிசை இருட்டு. இயந்திரம் வேலை செய்கிறதா என்று பார்க்கப் போட்ட இன்றைய கோழியின் வரிசையில் மட்டும் வெள்ளைப் பட்டை.

எலும்பின் இன்னொரு துண்டில் மறுபடி செய்தேன். இருட்டு. மிச்சத்தை வேறொரு ஊர்க் கூடத்துக்கு அனுப்பினோம். அங்கேயும் அதே. மேடம் படங்களை வரிசையாக மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் காலிக் குழாயைப் பார்த்து, "ம்" என்றார். கட்டுரை நிறுத்தப்பட்டது. கருத்தரங்கில் கேட்டிருந்த இடம் வேண்டாம் என்று எழுதினார்கள்.

"இப்பச் சந்தோஷமா மாப்ள?" என்று துளசிராம் கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அன்று சாயங்காலம் வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு மேல், அப்பாவிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்துவிட்டது.

நான்தான் போனேன். அப்பா சேவலுக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். இன்னொரு எலும்பில் நானே செய்தேன், என் கையாலேயே செய்தேன், எதுவும் வரவில்லை. ஆகையால் முதலில் வந்தது நம் துணியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "ஒண்ணுமே வரலையா?" என்றார்.

"ஒண்ணுமே வரலப்பா."

"மாப்ள செஞ்சப்ப வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. அது தப்பா வந்தது."

அப்பா என் கைகளைப் பார்த்தார். ரொம்ப இரக்கமாகப் பார்த்தார். "அதுக்குன்னு மனசு விடாதடா. எல்லாருக்கும் எல்லா வேலையும் கைகூடாது. மாப்ளையவே இன்னொருக்காச் செய்யச் சொல்லு."

நான் எழுந்து வந்துவிட்டேன். டி.என்.ஏ, ஈரத்துணி, காலிக் குழாய் எல்லாவற்றையும் விளக்கலாம். அப்பா ஒரு முடிவுக்கு வந்த பிறகு அவரிடம் விளக்க முடியாது. வழியில் டீக்கடையில் ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார்: "என்ன ஒச்சு, ஒங்க வீட்டு ராசா சேவல் எப்படி இருக்கு?" நல்லாயிருக்கு என்றேன்.

இதைத் துளசிராமிடம் சொன்னது என் தப்பு. சிரிப்பான் என்று நினைத்துச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் சொல்லாமல், அல்வாப் பொட்டலத்தோடு எங்கள் ஊருக்குப் போயிருக்கிறான். அப்பாவுக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "மாமா, எனக்கு வந்ததுதான் தப்பு. அவனுக்கு வராததுதான் சரி. ஒங்க மகன் செஞ்ச மாதிரி என்னால செஞ்சிருக்க முடியாது" என்று சொல்லியிருக்கிறான். டீக்கடைக்கும் போய் அதையே சொல்லியிருக்கிறான். யாரும் கேட்காமலே.

அதன் பிறகு அவன் வேறு ஊருக்கு, பிறகு வேறு நாட்டுக்குப் போனான். இப்போது அவன் வேலை பார்க்கும் இடத்தில் பெரிய கூடம், பெரிய இயந்திரம். நாங்கள் இருட்டு என்று ஒதுக்கிய எலும்பிலும் துணுக்குகளைப் பொறுக்கிச் சேர்க்கிறார்களாம். என் இருட்டுப் படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய்த் தன் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறான் என்று கேள்வி. தீபாவளிக்கு அப்பாவோடு போனில் பேசுவான். கடைசியில்தான் என்னிடம் தரச் சொல்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் வீட்டுக்குப் போனபோது, அப்பா அல்வாவை எடுத்து என் கையில் வைத்தார். முகம் தெளிவாக இருந்தது. புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் கையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"மாப்ள வந்து சொல்லிட்டாரு" என்றார் அப்பா. "தன் தப்பத் தானே வந்து ஒத்துக்கிறதுன்னா சும்மாவா? என்னா மனசுடா அந்தப் பிள்ளைக்கு."